வன்னிக் காணியில் பனை, தென்னை: அடிக்கடி வரும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கம் வளவு வைத்திருப்பவர்கள் பனை பற்றியும் தென்னை பற்றியும் மாறி மாறிக் கேட்பவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். இங்கே இந்த மரங்கள் வெயிலால் சாவது குறைவு. பிழையான இடத்தில், பிழையான மாதத்தில் வைப்பதாலும், தலையிலும் உடம்பிலும் நாங்கள் போடும் காயங்களாலும்தான் கூடுதலாகச் சாகின்றன. கீழே உள்ள பதில்களில் பாதி இதையே சுற்றிவரும்.

பனைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

வேண்டாம். மாரி மழைக்கு முன் ஊன்றிய கொட்டை என்றால் அந்த மழையே போதும். ஒரு கோடையைத் தாண்டிய வடலிக்கு (இளம் பனைக்கு) ஆயுளுக்கும் நீங்கள் வாளி தூக்கத் தேவையில்லை. பனைக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான். தென்னை அப்படியல்ல. அது முதல் மூன்று நான்கு கோடைக்கும் ஆள் பார்க்க வேண்டிய பிள்ளை. இரண்டும் ஒரே வளவில் நிற்பதால் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறார்கள். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

பனங்கொட்டையை எப்போது, எப்படி ஊன்றுவது?

ஆடி, ஆவணி, புரட்டாதியில் பழம் விழும். விழுந்த பழங்களைச் சேர்த்து, களியை எடுத்தோ எடுக்காமலோ கொட்டைகளை நிழலில் குவித்து வையுங்கள். மாடு சூப்பிப் போட்ட கொட்டையும் நன்றாக முளைக்கும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் நிலத்தில் போட்டுவிட வேண்டும். பத்தடிக்கு ஒரு குழி, ஒரு குழிக்கு இரண்டு கொட்டை, கண் உள்ள பக்கம் கீழே பார்க்கும்படி வைத்து மண்ணால் மூடுங்கள். பசளை தேவையில்லை. இரண்டும் முளைத்தால் பிறகு மெலிந்ததை எடுத்துவிடலாம்.

தை மாதம் வந்ததும் ஒன்றை மட்டும் தோண்டிப் பாருங்கள், வீண்போகாது. கொட்டை கிடக்கும் இடத்திலிருந்து குழல் மாதிரி ஒன்று நேரே கீழே இறங்கியிருக்கும். அதன் அடியில், ஒன்றரை இரண்டடி ஆழத்தில், கிழங்கு நிற்கும். கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான், அதாவது பஞ்சுபோன்ற வெள்ளைப் பருப்பு, இருக்கும். மேலே இன்னும் ஒரு இலைகூட வந்திராது. மழை நின்று மேல்மண் காய்வதற்குள் ஈரம் இருக்கும் ஆழத்துக்குப் போய்விடுவதுதான் பனையின் உபாயம். கோடையில் பக்கத்துப் பூவரசு வாடும்போதும் வடலி வாடாமல் நிற்பதன் காரணம் இதுதான்.

பாத்தியில் முளைத்த கிழங்கை எடுத்து வேலியோரம் நடலாமா?

எடுத்தால் அவித்துச் சாப்பிடுங்கள், நட வேண்டாம். ஆழத்தில் இருக்கும் வேரை அறுக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. வேர் அறுந்த பனங்கன்று பிழைப்பது அபூர்வம். நீளமான பைகளில் முளைக்க வைத்து, வேர் பையின் அடியை முட்டுவதற்கு முன் நடுகிற முறை இருக்கிறது. நாற்றுமேடைக்காரருக்கு அது சரி. வளவுக்காரருக்குக் கொட்டையை நிற்க வேண்டிய இடத்திலேயே போடுவதுதான் சுலபம், செலவும் இல்லை.

எத்தனை வருடத்தில் பயன் தரும்? ஆணா பெண்ணா என்று முதலே தெரியாதா?

பாளை விட 12 முதல் 15 வருடம், காய்ந்த இடத்தில் இன்னும் கூட. வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை என்று சும்மாவா சொன்னார்கள்! முதல் சில வருடம் அடிமரமே தெரியாது, ஓலை மட்டும் நிலத்திலிருந்து விரிந்து நிற்கும். அந்தக் காலத்தில் கிழங்குக்கு மேலே உள்ள அடிப்பகுதி மண்ணுக்குள் முழுப் பருமனுக்குப் பெருத்துக்கொள்கிறது. பனைக்குப் பிறகு பருமன் கூடாது, உயரம் மட்டும்தான் கூடும். ஆகவே வடலி ஒரே உயரத்தில் நிற்கிறதே என்று கவலைப்படாதீர்கள்.

ஆண், பெண் பாளை வரும்வரை தெரியாது. கொட்டையைப் பார்த்தோ ஓலையைப் பார்த்தோ சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாதிக்குப் பாதி சரியாகத்தான் சொல்வார்கள்.

ஆண் பனை எதற்கு? தறித்துவிடலாமா?

ஆண் பனையிலும் கள்ளு இறக்கலாம், கருப்பநீர் (பதநீர்) எடுக்கலாம், ஓலையும் மட்டையும் ஒன்றுதான். பெண் பனையில் நுங்கு பிடிக்கவும் பக்கத்தில் ஆண் நிற்க வேண்டும். பனங்கூடல் (தோப்பு) முழுக்க ஆணாக இருந்தால் சிலதை எடுப்பதில் தப்பில்லை, முழுதாக வழிக்காதீர்கள்.

பெண் பனை என்றால் கதை வேறு. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மூன்றையும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கட்டுப்பாடு அது. வைரமான மரம் பெண் பனைதான் என்பதால் தச்சர் தேடுவதும் அதையே. முதலில் விதானையாரிடம் (கிராம சேவையாளரிடம்) போங்கள், அவர் பார்த்து எழுதித் தந்தபின் பிரதேச செயலகம். வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் மரம் என்றாலும் கோடரியை எடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

போரில் செல் (எறிகணை) பட்ட பனைகள் வளவில் நிற்கின்றன. தப்புமா?

தலை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். பனைக்கும் தென்னைக்கும் வளரும் இடம் ஒன்றே ஒன்றுதான், குருத்து. அது போனால் மரம் போனதுதான், பக்கக் கிளை வெடிக்காது. தலை இல்லாமல் மொட்டையாக நிற்பதை இனிக் காக்க எதுவுமில்லை. உளுத்து எப்போதாவது விழும். பிள்ளைகள் விளையாடும் பக்கமோ வீட்டுப் பக்கமோ என்றால் முந்திக்கொண்டு இறக்கிவிடுங்கள்.

தலை நன்றாக இருந்து உடம்பில் மட்டும் துளை என்றால் மரம் பல வருடம் நிற்கும். ஆனால் துளை ஆறாது. மா, வேம்பு போன்ற மரங்கள் காயத்தின் ஓரத்திலிருந்து புதுப்பட்டை வளர்த்து மூடிக்கொள்ளும். பனை, தென்னைக்கு அப்படி மூடும் படை கிடையாது. 2009இல் விழுந்த துளை இன்றும் அதே அளவில், ஓரம் கறுத்துப்போய், விரல் விட்டால் உள்ளே தும்பு தட்டுப்படும்படி இருக்கிறது. சீமெந்து பூசி அடைக்காதீர்கள், உள்ளே தண்ணீர் தேங்கி இன்னும் கெடும். உள்ளே போகும் மழைத் தண்ணீர் வடிந்து வெளியே வந்தால் போதும். தறிப்பதாக இருந்தால் அரிகிறவரிடம் இது செல் பட்ட மரம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும் இரும்புத் துண்டில் வாள் பட்டால் அவருக்குத்தான் ஆபத்து.

இதே காரணத்தால்தான் மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம் என்கிறேன். முள்ளுக்கம்பி வேலியைப் பனையில் ஆணி அடித்து இழுப்பது, அறிவித்தல் பலகை தொங்கவிடுவது, தென்னையில் ஏறக் கொத்திப் படி வெட்டுவது எல்லாம் ஆறாத காயங்கள். ஏறுவதற்குத் தளைநார் இருக்கிறது. வேலிக்குக் கதியால் இருக்கிறது.

ஓலை எவ்வளவு வெட்டலாம்?

காவோலை எல்லாவற்றையும் எடுக்கலாம். பச்சை ஓலையில் கை வைக்கும்போதுதான் கணக்குப் பார்க்க வேண்டும். மரம் சாப்பிடுவது பச்சை ஓலையால். வேலி அடைக்கவும் கூரை வேயவும் ஒரே தடவையில் வட்டை முழுக்க இறக்கினால் அடுத்த பருவத்துப் பாளை மெலியும். கீழ்வட்டத்தில் பழுக்கத் தொடங்கியதை எடுத்து, மேலே உள்ளதை விடுங்கள். பெட்டி, பாய் இழைக்கக் குருத்தோலை எடுப்பவர்கள் ஒரே மரத்தில் அடுத்தடுத்த குருத்தை எடுக்கக்கூடாது. ஒன்று எடுத்தால் அடுத்தது விரிய விட்டுவிட்டு வேறு மரத்துக்குப் போங்கள். வடலியில் பச்சை ஓலை வெட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். இடுப்பளவு உயரத்தில் கைக்கு எட்டுகிறது என்பதற்காக ஆளாளுக்கு ஒன்று வெட்டியே பல வடலிகள் வருடக்கணக்கில் எழும்பாமல் நிற்கின்றன.

தென்னையில் பச்சை மட்டை வெட்டியே ஆகவேண்டும் என்றால் மரத்தோடு ஒட்ட வெட்டாதீர்கள். நாலடி மட்டையை விட்டு வெட்டுங்கள். பார்க்க வடிவாக இராது. ஆனால் ஒட்ட வெட்டிய ஈர வாயில்தான் செவ்வண்டு முட்டை இடும். அது பற்றிக் கீழே.

கோடையில் புல்லுக்கு நெருப்பு வைத்தால் பனைக்கு என்ன ஆகும்?

வளர்ந்த பனை பெரும்பாலும் தப்பிவிடும், குருத்து நெருப்புக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால். ஆனால் கங்குமட்டையும் காவோலையும் கழற்றாமல் தொங்கும் மரத்தில் நெருப்பு ஏணி வைத்து ஏறுவதுபோல் தலைக்குப் போய்விடும். வடலி கருகிவிடும். சோளகம் வீசும் மாதங்களில் பக்கத்துக் காணிக்காரர் வைத்த நெருப்பு உங்கள் காணிக்குள் வர அரை மணித்தியாலம் வேண்டியதில்லை. வைகாசிக்கு முன் எல்லையோரம் ஆறடி அகலத்துக்குப் புல்லைச் செருக்கிவிடுங்கள், காவோலையை இறக்கி ஒரு பக்கம் அடுக்குங்கள். வன்னியில் பனை பராமரிப்பு என்று எனக்குத் தெரிந்த ஒரே கட்டாய வேலை இதுதான்.

தென்னை எந்த இடத்தில் வரும்?

மணல் கலந்த, ஆழமான, தண்ணீர் தேங்காத நிலம். முல்லைத்தீவுக் கரையோரம், முள்ளியவளை, விசுவமட்டுப் பக்கத்தில் தென்னை தானாகவே செழித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வயல் பக்கத்துக் களிமண்ணிலும், இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களின் வாய்க்கால் கசிவு நிற்கும் பள்ளத்திலும் வைத்தால் மாரியில் வேர் அழுகும், கோடையில் மண் வெடித்து வேரை இழுக்கும். அங்கே வைக்கத்தான் வேண்டும் என்றால் குழிக்குப் பதில் மேடு கட்டி அதன்மேல் வையுங்கள். கல் முட்டும் நிலத்தில் தென்னையை மறந்துவிட்டுப் பனையைப் போடுங்கள். பனை சில வாரம் வெள்ளம் நின்றாலும் தாங்கும், கோடையும் தாங்கும்.

நீர் குறைவான காணிக்கு நெட்டை இனம்தான் பொருத்தம். குட்டை இனங்களும் செவ்விளநீரும் சீக்கிரம் காய்த்தாலும் வரட்சிக்கு முதலில் வாடுபவை அவைதான். கிணற்றடியில் ஒன்றிரண்டு வைக்கலாம்.

கன்று எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். காலி, மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கத்தில் வெலிகம வாடல் நோய் இருப்பதால் அங்கிருந்து கன்றுகளை வெளியே கொண்டுவரத் தடை இருக்கிறது. மலிவு என்று லொறியில் வரும் கன்றை வாங்கி நோயையும் சேர்த்து இறக்காதீர்கள்.

குழி எப்படி வெட்டுவது, எப்போது நடுவது?

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். கோடையிலேயே வெட்டி வெயில் பட விடுங்கள். கன்றுக்குக் கன்று 26 அடி, அப்படியானால் ஏக்கருக்கு 64 மரம். இடம் இருக்கிறதே என்று 18 அடிக்கு ஒன்று வைத்தால் பத்து வருடம் கழித்து ஓலையும் ஓலையும் கோர்த்து, மரம் வெளிச்சம் தேடி வளைந்து போகும்.

குழியின் அடியில் பொச்சை (தேங்காயின் தும்பு மட்டையை) இரண்டு அடுக்காக, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்குங்கள். ஒவ்வொன்றும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கும். மேலே மாட்டெரு கலந்த மேல்மண். நிலமட்டத்திலிருந்து ஒன்றடி, ஒன்றரை அடி கீழே தேங்காய் வரும்படி கன்றை வைத்து, தேங்காய் மூடும்வரை மட்டும் மண் இட்டு மிதித்துவிடுங்கள். கழுத்து மண்ணுக்குள் போகக்கூடாது. மீதிக் குழியை மரம் வளர வளர நிரப்பலாம்.

நடும் காலம் ஐப்பசி, கார்த்திகை. முதல் மழை நன்றாக நனைத்தபின். தை பிறந்தபின் நடுபவர்கள் கன்றுக்குக் கொடுப்பது வேர் விட இரண்டு மாதம், பிறகு எட்டு மாத வெயில். கன்று கிடைக்கிறது என்பதற்காக மாசியில் நட வேண்டாம். நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்து அடுத்த மாரிவரை வைத்திருக்கலாம்.

கோடையில் கன்றுக்கு எவ்வளவு தண்ணீர்?

முதல் இரண்டு வருடம் நாலு நாளுக்கு ஒருதடவை 45 லீற்றர், அதாவது பெரிய வாளியால் மூன்று. நாள்தோறும் ஒரு செம்பு தெளிப்பதால் பிரயோசனமில்லை. மேல்மண் நனையும், வேர் மேலே வரும், ஒரு கிழமை நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் கன்று சரிந்துவிடும். விட்டு விட்டு, ஆழமாக ஊற்றுங்கள். காய்க்கும் மரத்துக்குத் தண்ணீர் கொடுக்க வசதி இருந்தால் நாலு நாளுக்கு 200 லீற்றர் என்பது நல்ல கணக்கு. சொட்டு நீர் என்றால் இதைவிடக் குறைய.

பின்னேர வெயில் அடிக்கும் மேற்குப் பக்கத்திலும் சோளகம் வரும் தென்மேற்கிலும் பனை ஓலையோ கிடுகோ நட்டு மறைப்புக் கட்டுங்கள். முதல் கோடையில் சாகும் கன்றுகளில் கணிசமானவை தண்ணீர் ஊற்றியும் காற்றில் காய்ந்தவைதான்.

கன்றைச் சுற்றி வெறும் மண் தெரியக்கூடாது. தென்னை ஓலை, பொச்சு, வைக்கோல், கிளிசரியாக் குழை எது கிடைத்தாலும் பரப்புங்கள். மேலே பரப்பும் பொச்சு மட்டும் கவிழ்ந்து, முதுகு மேலே இருக்க வேண்டும். நிமிர்த்திப் போட்டால் மழைத் தண்ணீர் தேங்கி நுளம்புக்குத் தொட்டில் ஆகிவிடும். கறையான் உள்ள நிலத்தில் இந்த மூடாக்கைக் கழுத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள். அடி ஈரமாக இருந்தால் கறையான் கன்றில் ஏறுவது குறைவு.

தென்னையில் குரும்பட்டி (பிஞ்சு) கொட்டுகிறது. என்ன போடலாம்?

கொஞ்சம் கொட்டுவது இயல்பு, எல்லாக் குரும்பட்டியையும் எந்த மரமும் வளர்ப்பதில்லை. கோடை நடுவில் அள்ளிக் கொட்டினால் தண்ணீர்ப் பஞ்சம். அந்த நேரத்தில் பசளை போடாதீர்கள். ஈரம் இல்லாத மண்ணில் பசளை வேரைச் சுடும்.

ஒன்றை விளங்கிக்கொண்டால் பல சந்தேகம் தீரும். பாளை விரிந்து தேங்காய் முற்ற 11, 12 மாதம் ஆகும். அந்தப் பாளை உள்ளே உருவாகத் தொடங்கியது அதற்கும் வெகுநாள் முன்பு. ஆகவே இந்த வருடம் நல்ல மழை பெய்தும் காய் குறைந்தால் போன வருடக் கோடையைத்தான் திட்ட வேண்டும். இந்த வருடம் ஊற்றும் தண்ணீருக்குப் பலன் அடுத்த வருடம். மூன்று மாதம் தண்ணீர் விட்டேன், ஒன்றும் காணவில்லை என்று பம்பைக் கழற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஓலை மஞ்சளாகிறது.

எந்த ஓலை என்று பாருங்கள். அடிவட்டம் மட்டும், நுனியிலும் ஓரத்திலும் கருகிக்கொண்டு மஞ்சளாகினால் பொட்டாசியம் குறைவு. தென்னை அதிகம் கேட்பது அதைத்தான். வெயில் படும் பாகம் மஞ்சளாகவும் நிழல் படும் பாகம் பச்சையாகவும் இருந்தால் மகனீசியம், அதற்கு டொலமைட் போடலாம். குருத்துப் பக்கம் புது ஓலைகள் சுருங்கி, விரியாமல் கொளுவி நின்றால் போரன் குறைவு. எல்லாமே வெளிறி, மாரியில், காலடியில் தண்ணீர் நின்றால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. வாய்க்கால் வெட்டுவதுதான் மருந்து.

மஞ்சளான அடி ஓலையை உடனே வெட்டுவது பிழை. மரம் அதிலிருந்து சத்தை இழுத்து மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். தானாகக் காய்ந்தபின் எடுங்கள். பசளை, அடுப்புச் சாம்பல், எரு எதுவானாலும் மார்கழியில் அடைமழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போது, அடிமரத்திலிருந்து ஐந்தடிக்குள் வட்டமாக இட்டு மண்ணைக் கிளறி மூடுங்கள்.

வண்டுத் தொல்லைக்கு என்ன செய்வது?

இரண்டு வண்டு. முதலாவது காண்டாமிருக வண்டு, கறுப்பு, மூக்கில் கொம்பு. விரியாத குருத்தைத் துளைக்கும். ஓலை பிறகு விரியும்போது முக்கோணமாக வெட்டுப்பட்டிருக்கும். துளை வாயில் மென்று துப்பிய தும்பு ஈரமாகத் தள்ளிக்கொண்டு நிற்பதைக் கண்டால் வண்டு உள்ளேதான் இருக்கிறது. கம்பியின் நுனியைத் தூண்டில்போல் வளைத்து உள்ளே விட்டுக் குத்தி இழுங்கள். பிறகு குருத்தை ஒட்டிய மூன்று கக்கத்திலும் ஒவ்வொரு பூச்சி உருண்டையை வைத்து மணலால் மூடுங்கள். ஒன்றரை மாதத்துக்கு ஒருதடவை புதுப்பிக்க வேண்டும். வேப்பம் பிண்ணாக்கு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து போட்டாலும் சரி.

ஆனால் மரத்தில் வண்டு பிடிப்பது பாதி வேலை. அது பிறப்பது உங்கள் எருக்கிடங்கில். உளுத்த தென்னங்குற்றியிலும் பிறக்கும். கிடங்கைக் கிளறினால் வெள்ளையாக, தலை மட்டும் மண்ணிறமாக, வளைந்து கிடக்கும் பெரிய புழுக்கள் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடங்கைப் புரட்டிவிட்டுக் கோழியைத் திறந்துவிடுங்கள். மீதியைக் கோழி பார்த்துக்கொள்ளும். விழுந்த தென்னைகளை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கவிட்ட காணிகள்தான் சுற்றுவட்டாரத்துக்கே வண்டு வளர்த்துக் கொடுக்கின்றன.

இரண்டாவது செவ்வண்டு. இது மோசமானது. காயத்தின் வழியாக முட்டை இட்டு, புழு உள்ளேயிருந்து மரத்தைத் தின்னும். வெளியே தெரியும் அடையாளம் அடிமரத்தில் சிறு ஓட்டை, அதிலிருந்து மண்ணிறச் சாறு, மென்ற தும்பு. காதை ஒட்டி வைத்தால் கறுமுறு என்று சத்தம் கேட்கும். இந்த நிலையில் விவசாயப் போதனாசிரியரையோ தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தரையோ கூப்பிட்டால் மரத்தைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நடுக்குருத்து சரிந்தபின் வாய்ப்பில்லை. தறித்து, பிளந்து, எரித்துவிடுங்கள். பனையிலும் இரண்டு வண்டும் வரும், தென்னை அளவுக்கு இல்லை.

மாரியில் குருத்து வெளிறி, இழுத்தால் கையோடு வந்து நாற்றம் அடித்தால் அது வண்டு இல்லை, குருத்தழுகல். அழுகியதைச் சுரண்டி எடுத்து போர்டோக் கலவை (துருசும் சுண்ணாம்பும் கலந்தது) பூசவேண்டும். சுற்றியுள்ள மரங்களின் குருத்திலும் தெளித்துவிடுங்கள்.

வெள்ளை ஈக்கு மருந்து அடிக்கலாமா?

ஓலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு, மேலே கரி பூசியதுபோல் கறுப்பு. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மரம் இதனால் மட்டும் சாவது அரிது. எட்டும் உயரத்தில் உள்ள மரத்துக்குச் சவர்க்காரத் தண்ணீரை அடியிலிருந்து மேலே விசையாக அடியுங்கள். கடும் நஞ்சு அடித்தால் ஈயைத் தின்னும் பூச்சிகளும் சேர்ந்து செத்து, ஈ மட்டும் திரும்பி வரும். பெருமழை பெய்தால் குறையும்.

மாடு, பன்றி, யானை?

கட்டாக்காலி மாட்டுக்கு இளந்தென்னை என்றால் விருந்து. ஒருமுறை குருத்தைக் கடித்தால் ஒரு வருடம் பின்னுக்குப் போகும். கன்றைச் சுற்றி முள்ளுக்கம்பைகளை நெருக்கமாக ஊன்றுவது போதும். காட்டுப்பன்றி முளைத்த பனங்கொட்டையையும் தென்னங்கன்றின் அடியையும் கிண்டும். முள்ளம்பன்றி அடித்தண்டைக் கறண்டும். அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குத் தகரமோ பழைய பீப்பாய்த் துண்டோ சுற்றி, கொஞ்சம் மண்ணுக்குள்ளும் புதைத்தால் இரண்டுக்கும் தடை.

யானைக்கு வீட்டுக்காரர் தனியாகச் செய்யக்கூடியது குறைவு. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கக் காட்டோரக் காணிகளில் பத்து வருடத் தென்னையை ஒரு இரவில் சரித்துவிட்டுக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போகும். ஊராகச் சேர்ந்து மின்வேலி கேட்பதும், கிடைத்த வேலியின் கீழ் வளரும் புல்லை ஆள்மாறி ஆள் வெட்டுவதும்தான் வழி. அப்படியான காணியில் ஏக்கர் முழுக்கத் தென்னை வைக்கச் சொல்லி என்னால் ஆலோசனை தர முடியாது. வீட்டைச் சுற்றிப் பத்து மரம் போதும்.

கிணறு உவர். தென்னை தாங்குமா?

வளர்ந்த தென்னை ஓரளவு உவரைத் தாங்கும், கடற்கரை மரம்தானே. கன்று தாங்காது, ஓலை நுனி கருகிவிடும். பூநகரிப் பக்கம் காணி உள்ளவர்கள் முதல் இரண்டு வருடத் தண்ணீருக்கு மழைநீர்த் தொட்டியோ பவுசரோ யோசித்து வைத்துக்கொண்டு கன்று வாங்குங்கள். அங்கே பனங்கூடல் எவ்வளவு அடர்த்தியாக நிற்கிறது என்பதையும் பாருங்கள். எந்த மரம் பொருந்தும் என்பதை நிலமே சொல்லியிருக்கிறது.

நீண்டகாலம் ஆள் இல்லாத காணி. குழி வெட்டலாமா?

கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியா என்று விதானையாரிடம் முதலில் உறுதிப்படுத்துங்கள். மூன்றடிக் குழி என்பது சாதாரண உழவைவிட ஆழம். மண்டையோட்டுப் பலகை, சிவப்பு அடையாளம் கண்டால் உள்ளே போகவே வேண்டாம். வெட்டும்போது இரும்பு தட்டுப்பட்டால் தோண்டிப் பார்க்காமல், தொடாமல், வந்த வழியே திரும்பி பொலிசின் 119க்குச் சொல்லுங்கள்.

நாங்கள் வெளிநாட்டில். காணி வன்னியில். எதை வைப்பது?

தண்ணீர் ஊற்ற நம்பிக்கையான ஆள் இருந்தால் தென்னை. இல்லையென்றால் பனை. வேலியை மட்டும் இறுக்கி, புரட்டாதியில் எல்லையோரம் கொட்டைகளைப் போடச் சொல்லுங்கள். வருடம் ஒருமுறை, வைகாசிக்கு முன், புல் செருக்கக் கூலி அனுப்புங்கள். பனைக்கு நாற்று, விதை, ஆலோசனை வேண்டுமென்றால் 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. அதன் ஆராய்ச்சி நிலையம் கைதடியில்.

அப்பு வைத்த பழைய தென்னைகள் நிற்கும் காணி என்றால் அவற்றைத் தறித்துவிட்டுப் புதிது வைக்க அவசரப்படாதீர்கள். பழைய வரிசைகளுக்கு நடுவில் கன்று வைத்து, கன்று காய்க்கத் தொடங்கியபின் கிழட்டு மரத்தை எடுக்கலாம்.

பேரீச்சை வருமா? கமுகு?

பேரீச்சை வெயிலை விரும்பும். காத்தான்குடியில் வீதி நடுவில் காய்த்துத் தொங்குவதைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. வரும். ஆனால் ஆண், பெண் வேறு மரம், பழம் பழுக்கும் காலத்தில் மழை பட்டால் அழுகும். விதையிலிருந்து வந்தது எப்படிப்பட்ட பழம் தரும் என்று சொல்ல முடியாது. தாய் மரத்தின் பக்கக் கன்றை வாங்கி வைப்பதுதான் நிச்சயம். ஆசைக்கு இரண்டு வைக்கலாம், வருமானத்துக்கு வேண்டாம். கமுகு நிழலும் ஓயாத ஈரமும் கேட்கும். கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் போகும் வாய்க்காலோரம் நாலு வைத்தால் வெற்றிலைத் தட்டுக்குப் போதும்.

இடி விழுந்த தென்னையைச் சுற்றியுள்ள மரங்களும் வாடுகின்றன. நோயா?

பெரும்பாலும் நோயில்லை. சித்திரை, ஐப்பசி இடிமழையில் ஒரு மரத்தில் விழுந்தாலும் பக்கத்து மரங்களும் சேர்ந்து அடிபடும், சிலது சில கிழமை கழித்துத்தான் ஓலையைத் தொங்கப் போடும். நடுக்குருத்து நிமிர்ந்து நின்றால் வெட்டாமல் ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். குருத்து சரிந்தவற்றை மட்டும் உடனே இறக்கி, பிளந்து, காணியை விட்டு அகற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாரிக்குள் வண்டு குடிவந்துவிடும்.